சேலம் ஜில்லா மிட்டாதார் குடும்பத்தின் வம்சாவளி: 1893-க்கு முன்னால் செல்ல வழி உண்டா?

தென்பெண்ணை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயைப் பெற்ற பாட்டியின் பிறந்த வீடு பழைய சேலம் ஜில்லாவில், இன்றைய நாமக்கல் மாவட்டத்துக்குள் வரும் ஒரு கிராமத்தில் இருந்தது. நிலம் எல்லாம் கைமாறி, கட்டடமும் பாதி இடிந்த பிறகும் ஊரார் அதை மிட்டாதார் வீடு என்றுதான் சொல்கிறார்கள். மிட்டா என்பது அரசுக்கு நிலையான வரி கட்டும் பொறுப்போடு ஒருவர் கையில் இருந்த கிராமத் தொகுதி; அதை வைத்திருந்தவர் மிட்டாதார். அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை ஆதாரத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாட்டியின் தலைமுறையில் ஒரே ஒருவர்தான் இப்போது இருக்கிறார். அவருக்கும் நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது.

கையில் இருப்பவை குறைவு. முதலாவது, 1893-ஆம் ஆண்டு எழுதிப் பதிவு செய்யப்பட்ட ஓர் அடமானப் பத்திரம். மிட்டாவில் தங்களுக்குரிய பங்கின் பேரில் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் தீர்ந்த பின் பத்திரம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இரண்டாவது, ஒரு பித்தளை அண்டா. அதன் கழுத்தில் ஓர் ஆணின் பெயரும் ஊரின் முதலெழுத்தும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டுள்ளன. அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது, என் மாமா ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் வரைந்த வம்ச விளக்கப்படம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1802-இல் மிட்டாவைப் பெற்ற முன்னோரில் தொடங்கி, தந்தைக்குப் பின் மகன் என ஒரே நேர்க்கோடாக அது இன்றுவரை வருகிறது. தலைமுறை விட்டுத் தலைமுறை இரண்டு பெயர்களே மாறி மாறி வருகின்றன. பெண்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை; என் பாட்டியின் பெயரே இல்லை.

இந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? 1802 முதல் 1893 வரை உள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைச் சரிபார்க்க எந்த ஆவணங்கள், எந்த அலுவலகத்தில் கிடைக்கும்? அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்களையும் அங்கிருந்து வெளியே போன பெண்களையும் கண்டறிய வழி உண்டா? உறவினர்கள் விரும்பாததால் பெயர்களையும் ஊரையும் இங்கே எழுதவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பழைய பத்திரம்

அம்மா, பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் வேலையாக அதை எழுத்துக்கு எழுத்து வேறு தாளில் பெயர்த்தெழுதுங்கள். பெரும்பாலோர் சொத்து விவரத்தையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது முகப்பு வாசகத்திலும் தாளின் பின்பக்கத்திலும் இருக்கிறது.

முகப்பில், எழுதிக் கொடுத்தவர் இன்னாருடைய குமாரர் என்பது கட்டாயம் இருக்கும். ஊர், தாலுகா, ஜீவனம் ஆகியவையும் இருக்கும். அக்காலத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தின் பேரில் கடன் வாங்கும் தகப்பன், தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும் கையெழுத்திடுவது வழக்கம். அப்படியானால் அந்த ஆண்டில் பதினெட்டு வயது நிரம்பாத மகன்கள் யார் யார் என்பது ஒரே வரியில் கிடைத்துவிடும். அடுத்து, சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் வாசகத்தைத் தேடுங்கள். பிதிரார்ஜிதம் (முன்னோர் சொத்து) என்று எழுதியிருந்தால் ஒரு வழி. பாகத்தில் கிடைத்தது என்று இருந்தால் அதற்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்திருக்க வேண்டும். சுயார்ஜிதம் (தாமே தேடியது), கிரயம் (விலைக்கு வாங்கியது) என்று இருந்தால் தேட வேண்டிய இடமே மாறிவிடும். இந்த ஒரு வாசகம் உங்கள் மாமாவின் படத்தை நிலைநிறுத்தவும் செய்யலாம், கவிழ்க்கவும் செய்யலாம்.

பின்பக்கத்தில் பதிவு அலுவலரின் குறிப்புக்குக் கீழே, எழுதிக் கொடுத்தவரைத் தமக்குத் தெரியும் என்று அடையாளம் காட்டிய சாட்சிகள் தந்தை பெயரோடு இருப்பார்கள். இவர்கள் வழியில் போனவர்கள் அல்லர். மைத்துனர், பங்காளி, கணக்கப்பிள்ளை என்று வீட்டுக்கு வேண்டியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். அடமானப் பத்திரம் என்பதால், வட்டியும் அசலும் செலுத்திய வரவுக் குறிப்புகளும் தேதியோடு இருக்கும். எந்த ஆண்டுவரை தகப்பன் பெயரில் வரவு, எந்த ஆண்டு முதல் மகன் பெயரில் வரவு என்று பாருங்கள். மரணப் பதிவேடு கிடைக்காத ஊருக்கு, ஒருவர் இறந்த ஆண்டை நெருங்கிப் பிடிக்க இதைவிடச் சிறந்த சான்று அரிது.

இங்கே பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1865-இன் தொடக்கத்தில். ஆகவே 1893-க்கு முன்னால் இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்தின் வழியாகவே நீங்கள் பின்னோக்கிச் செல்ல முடியும். இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கிறது. அதற்கு முற்பட்டதை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அட்டவணைகளைக் கையால் புரட்டித்தான் தேட வேண்டும். சொத்தின் பேரில் மட்டும் தேடாமல், ஆளின் பேரில் உள்ள அட்டவணையிலும் தேடக் கேளுங்கள். மேலும், உயில்களும் தத்தெடுக்க அளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரங்களும் மூன்றாம் புத்தகத்தில் தனியாகப் பதியப்படும். அவை வில்லங்கச் சான்றில் வரவே மாட்டா. உயில் எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் வேண்டுமானாலும் மனுச் செய்து பெறலாம். சுவீகாரம் நடந்த வீடுகளில் குழப்பம் தீர்வது பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில்தான்.

எழும்பூர் வாசகன்

மேலே பெரியவர் சொன்னது மிகச் சரி. அதற்கு முற்பட்ட காலத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பாளையங்களாக இருந்து ஜமீன்களான தென்மாவட்டக் குடும்பங்களையும் சேலத்து மிட்டாக்களையும் ஒன்றாக எண்ணக் கூடாது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் கம்பெனி வருவதற்கு முன்பே இருந்த குடும்பங்களுக்கு நிலம் நிலைப்படுத்தித் தரப்பட்டது. அவர்களுள் பலருடைய வம்சாவளிகளைக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் அக்காலத்திலேயே எழுதி வாங்கினார்கள். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவை உள்ளன. சேலத்தின் கதை வேறு. திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் கம்பெனிக்கு வந்த இந்தச் சீமையில் கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் குடியானவரிடம் நேராக வரி வாங்கும் முறையை முதலில் நடத்தினார்கள். பின்னர் 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ரெகுலேஷன் என்ற நிலவரிச் சட்டத்துக்குப் பிறகு, கம்பெனி நேரடியாக வரி வாங்கிவந்த கிராமங்களைச் சேர்த்து மிட்டாக்களாகக் கட்டி, நிலையான பேஷ்குஷ் (அரசுக்குக் கட்டும் ஆண்டு வரி) விதித்து, ஏலத்தில் விற்றது. எடுத்தவர்களுள் பலரால் தவணை கட்ட முடியவில்லை. பாக்கிக்காக மிட்டாக்கள் மறுபடி விற்கப்பட்டன. பல மிட்டாக்கள் அரசாங்கத்திடமே திரும்பி குடியானவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் சேர்ந்தன. எஞ்சியவையும் வாரிசுகளிடையே பாகமாகி, பங்கு பங்காக வெளியாருக்கு விற்பனையாயின.

ஆகவே 1802-இல் மிட்டாவை எடுத்தவர் உங்கள் முன்னோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலுவலக ஆவணங்களில் கிடைக்கும் மிட்டாதார் வரிசை நிலத்தின் வரிசை. அது ஒரு குடும்பத்தின் இரத்த வழி என்று எடுத்துக்கொள்வதால்தான் நேர்க்கோட்டுப் படங்கள் பிறக்கின்றன. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதிச் செல்லுங்கள். ஆவணம் சேர்த்தால் மட்டும் சேருங்கள்.

பிரிக்கக் கூடாத ஜமீன்களில் மூத்தவர் ஒருவர் பெயரே எங்கும் நிற்கும், தம்பிகள் ஜீவனாம்சக் கணக்கில் மறைந்துவிடுவார்கள். மிட்டா அப்படியல்ல, பாகமாகக் கூடியது என்பதால் ஒவ்வொரு பங்குதாரரும் காகிதத்தில் வருகிறார். ஒரு பங்கு விற்கப்பட்டாலும் பிரிக்கப்பட்டாலும் அதற்குரிய பேஷ்குஷைத் தனியாக நிர்ணயித்துப் பதிய 1876-ஆம் ஆண்டின் சென்னை 1-ஆம் சட்டம் வழி செய்தது. அந்தப் பிரிவினை மனுக்களும் கலெக்டரின் உத்தரவுகளும் உங்களுக்குப் பொன் போன்றவை. அவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும் சேலம் ஜில்லா ஆவணங்களிலும் தேடுங்கள். ஆண்டுவாரியான பொருளடக்கத்தில் மிட்டாவின் பெயரால் தேடுவது நலம். ஆள் பெயர்கள் ஆங்கில எழுத்தில் நாலு விதமாகச் சிதைந்திருக்கும். நாமக்கல் தாலுகா 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டுகளுக்குச் சேலத்தில் மட்டும் தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

மறு முனையிலிருந்தும் வாருங்கள். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி மிட்டா கையகப்படுத்தப்பட்டபோது, நஷ்டஈட்டுத் தொகை தீர்ப்பாயத்தில் செலுத்தப்பட்டது. பங்குதாரர், கடன் கொடுத்தவர், ஜீவனாம்சம் பெறும் விதவைகள் எனப் பாத்தியம் உள்ள அனைவரும் அங்கே மனுப் போட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு, எத்தனை பங்கு என்று அந்த உத்தரவுகளில் எழுதியிருக்கும். உங்கள் பாட்டியின் தலைமுறையில் யார் இருந்தார்கள் என்பதற்கு அரசாங்கமே எழுதி வைத்த சான்று அது.

சேர்வராயன்

நான் வழக்கறிஞர். நண்பர் எழுதியதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

சிவகங்கை ஜமீனின் பட்டியலை மட்டும் வைத்து ஒருவர் வம்சம் வரைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கம்பெனி 1801-இல் அமர்த்திய கௌரி வல்லபத் தேவர் 1829-இல் மகன் இல்லாமல் இறந்தார். ஜமீன், அவருக்கு முன்பே இறந்துவிட்ட அண்ணனின் மகன் வழிக்குப் போயிற்று. விதவைகளும், பின்னர் மகள் காத்தம நாச்சியாரும் விடாமல் வழக்காடினார்கள். 1863-இல் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், அந்த ஜமீன் கௌரி வல்லபத் தேவரின் சுயார்ஜிதம் என்பதால் அண்ணன் வழிக்குச் சேராது, மகளுக்கே சேரும் என்று தீர்ப்பளித்தது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்களுக்கு இடையே தந்தை மகன் உறவு தொடர்ச்சியாக இல்லை. அண்ணன் வழி நுழைந்து வெளியேறி, பிறகு மகள் வருகிறார். அந்த வழக்கின் அச்சிட்ட ஆவணங்கள் இல்லையென்றால் அரண்மனைப் பெண்கள் பலரின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

சுவீகாரமும் அப்படித்தான். இராமநாதபுரம் வழக்கில் 1868-இல் பிரிவி கவுன்சில், கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் அவனுடைய நெருங்கிய பங்காளிகளான சபிண்டர்களின் சம்மதத்தோடு விதவை தத்தெடுத்தது செல்லும் என்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் விதவை தத்தெடுத்தால், பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது முக்கியமாயிற்று. அத்தகைய கடிதம் ஒன்று கிடைத்தால், அன்று உயிரோடிருந்த பங்காளிகளின் பெயர்கள் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

ஆகவே சேலம் நீதிமன்றங்களில் நடந்த பாக வழக்குகள், ஜீவனாம்ச வழக்குகள், கார்டியன் மனுக்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். கீழ்நீதிமன்றக் கட்டுகள் பல அழிக்கப்பட்டிருக்கும். ஆனால் மேல்முறையீடு உயர்நீதிமன்றம்வரை போயிருந்தால் தீர்ப்பாவது மிஞ்சியிருக்கும். ஓர் எச்சரிக்கை. வழக்கில் தாக்கல் செய்யப்படும் வம்சாவளி, வெல்ல வேண்டும் என்று ஒரு தரப்பு வரைந்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே, இறந்தவர் உறவுமுறையைப் பற்றிச் சொன்னதை ஏற்க வேண்டுமானால், தகராறு எழுவதற்கு முன்பே அது சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வீட்டு வம்சாவளிக்கும் அதே அளவுகோலை வையுங்கள். கடன் வாங்கும்போது தன் தகப்பன் பெயரைச் சொன்னவருக்கு அதில் பொய் சொல்லக் காரணம் இல்லை. பாகம் கேட்டு வழக்குப் போட்டவருக்குக் காரணம் இருக்கிறது.

மேட்டாங்காடு

எங்கள் குடும்பம் அதே பக்கத்தில் ஒரு மிட்டாவில் குடியானவராக இருந்தது. எங்கள் வீட்டில் மிட்டாதார் கொடுத்த பட்டாக்கள் சிலவற்றை என் தாத்தா தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். 1865-ஆம் ஆண்டின் குத்தகை வசூல் சட்டத்துக்குப் பிறகு நிலக்காரர் பட்டா கொடுப்பதும் குடியானவர் அதை ஒப்புக்கொண்டு முச்சலிக்கா எழுதித் தருவதும் சட்டப்படி நடக்க வேண்டியவை. எந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) எந்த மிட்டாதார், அவர் தகப்பனார் யார், எந்தப் பங்குக்கு உரியவர் என்பது அதில் இருக்கும். ஆகவே மிட்டாதார் வீட்டில் இல்லாத காகிதம் குடியானவர் வீட்டில் இருக்கக்கூடும். அந்த வீடுகளுக்கும் போய்க் கேளுங்கள். போகும்போது, விளைச்சல் வாரமும் வட்டியும் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொய் நோட்டுகளைத் தேடுங்கள். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து யார் பெயரில் வந்தது என்பது அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த ஊர்தான் வீட்டுக்கு வந்த பெண்ணின் பிறந்த ஊர். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வசூலித்த பழைய நோட்டு இருந்தால், பங்காளிகளை வீடு வீடாகக் காணலாம். கருமாதிப் பத்திரிகைகளும் உதவும்.

அண்டாவில் உள்ள பெயர், சீர் கொடுத்தவர் பெயராக இருக்கலாம். பெண்ணுக்குக் கொடுத்த பாத்திரத்தில் தகப்பன் பெயரை வெட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்.

தென்பெண்ணை

அனைவருக்கும் நன்றி. பத்திரத்தை உட்கார்ந்து முழுவதும் பெயர்த்தெழுதினேன்.

மிட்டாவின் அந்தப் பங்கு, எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் கிரயத்துக்கு வாங்கி அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் தமக்குப் பாத்தியப்பட்டது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே கம்பெனியிடமிருந்து மிட்டாவை எடுத்தவர் எங்கள் நேர் முன்னோர் என்பதற்கு இந்தப் பத்திரத்தில் இடமில்லை. எழுதிக் கொடுத்தவர் தம் மைனர் குமாரர் இருவருக்கும் கார்டியனாகக் கையெழுத்திட்டிருக்கிறார். மாமாவின் படத்தில் ஒரு மகன்தான் இருக்கிறார். வரவுக் குறிப்புகளில் 1901 வரை தகப்பன் பெயர். 1903 முதல், மைனர்களுக்குத் தாயார் என்று ஒரு பெண்ணின் பெயர். என் கொள்ளுப்பாட்டியின் மாமியார் பெயரை முதன்முறையாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. அடையாளம் காட்டிய சாட்சிகளுள் ஒருவருடைய தகப்பன் பெயரும் அண்டாவில் வெட்டியிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றன. ஊரின் முதலெழுத்தும் பொருந்துகிறது.

இனி இரண்டு கேள்விகள். கிரயத்துக்கு வாங்கியவர் யாரிடமிருந்து வாங்கினார் என்பதை எப்படிக் கண்டறிவது? சாட்சி, அந்த அம்மையாரின் சகோதரர் என்று நான் எழுதிக்கொள்ளலாமா?

எழும்பூர் வாசகன்

சாட்சியைப் பொறுத்தவரை, சகோதரர் ஆகலாம் என்று பென்சிலால் எழுதுங்கள். ஒரே பெயரில் அந்த ஊரில் இருவர் இருந்திருக்கலாம். 1903-க்குப் பிறகு அந்த அம்மையார் கார்டியனாக எழுதிய வேறு பத்திரங்கள் ஏதேனும் இருக்கின்றனவா என்று அவர் பெயரிலேயே அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். பெண்களைப் பத்திரங்களில் இன்னாருடைய பாரியாள் (மனைவி) என்று எழுதிவிடுவதால் தகப்பன் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து தானமாக நிலம் வந்திருந்தால், அந்தத் தானப் பத்திரத்தில் இன்னாருடைய குமாரத்தி என்று இருக்கும். அது கிடைத்தால் பென்சிலை மையாக்குங்கள். இரண்டாவது மகனுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அதே தேடலில் பாருங்கள். சிறு வயதில் இறந்திருக்கலாம். பங்காளி வீட்டுக்குச் சுவீகாரம் போயிருக்கலாம். மேஜரான பின் பாகம் பிரித்துக்கொண்டு வேறு ஊர் போயிருந்தால், உங்களுக்குத் தெரியாத ஒரு கிளையே எங்கோ இருக்கும்.

கிரயத்தைப் பொறுத்தவரை, 1865-க்குப் பின் நடந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். விற்றவரின் பெயரும் அவர் தகப்பன் பெயரும் அதில் இருக்கும். அதற்கு முன் நடந்திருந்தால் கலெக்டர் கச்சேரியில் பெயர் மாற்றிப் பதிந்த ஆவணம்தான் வழி. 1876-க்குப் பின் பேஷ்குஷ் பிரித்திருந்தால் அந்த உத்தரவில் முந்தைய பங்குதாரர் வரிசை சுருக்கமாகத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கும்; முதலில் அதைக் கேளுங்கள், மூன்று ஆவணத்தின் வேலையை அது ஒன்றே செய்யும். விற்றவர் வேற்றார் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். மாமனாரிடமிருந்தோ பெரியப்பா மகனிடமிருந்தோ பங்கைக் கிரயத்துக்கு வாங்குவது மிட்டாதார் குடும்பங்களில் நடந்ததுதான். அப்படியிருந்தால் உங்கள் மாமா வரைந்த முதல் பெயர் தாய்வழியாகவோ பங்காளி வழியாகவோ படத்துக்குள் திரும்ப வரக்கூடும். அதுவரை அந்தப் பெயரை மிட்டாவின் வரிசை எழுதும் தாளில் மட்டும் வையுங்கள். காப்பகத்துக்குப் போகும்போது மிட்டாவின் பெயர், தாலுகா, கிராமங்களின் பழைய பெயர்கள், தேடும் ஆண்டுகள் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குடும்பப் பெயரை வைத்து அங்கே எந்தக் கட்டையும் கேட்டு வாங்க முடியாது.